ஏரி நடுவில் ஆந்திரா சிக்னல்

ரீசார்ஜ் கடைக்காரியும் கோயில் பூசாரியும் ஒன்றுதான்; வரம் கொடுப்பது வேறு யாரோ, வரவில்லை என்றால் வசவு வாங்குவது நாம்.

பழவேற்காட்டுப் பக்கம், கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கிற ஒரு மீனவ ஊரில் கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கென்று மீஞ்சூருக்குக் குடிபோன பிறகு, அம்மா வீட்டில் தனியாக உட்கார வேண்டாம் என்று பெரியவன் வைத்துக் கொடுத்தது. எட்டாவது வரைதான் என் படிப்பு. சிம், ரீசார்ஜ், போனுக்குக் கவர், கூடவே பிஸ்கட், கற்பூரம். காலையில் கங்கையம்மன் படத்துக்கு விளக்கேற்றி, "தாயே, இன்றைக்கு டவர் நன்றாக இருக்கட்டும்" என்று கும்பிட்டுவிட்டுத்தான் ஷட்டரைத் தூக்குவேன். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் சிரிக்க மாட்டார்கள். அவர்களுக்கும் அதே வேண்டுதல்தானே!

ஒரு சமயம் தாயும் கைவிரித்துவிட்டாள். ஏரி கடலில் சேருகிற இடத்தை ஒட்டிப் பெரிதாக ஏதோ கட்டப்போகிறார்கள், கட்டினால் ஏரிக்குள் மீன் ஏறாது என்று சுற்றுவட்டாரத்து ஊர்கள் எல்லாம் பொன்னேரி ரோட்டில் உட்கார்ந்தன. நானும் ஓரமாகப் பாய் போட்டு உட்கார்ந்தேன். கோஷம் போடும் தொண்டை எனக்கு இல்லை, அதனால் மனசுக்குள் அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தள்ளுமுள்ளு ஆனது. பஸ்ஸை நிறுத்தி, ரோட்டில் தடுப்பு வைத்தார்கள். வதந்தி பரவக் கூடாது என்று சொல்லி, மீஞ்சூர் வரைக்கும் நெட்டையும் நிறுத்திவிட்டார்கள். பேச மட்டும் முடியும், அதுவும் விட்டுவிட்டு. மறு உத்தரவு வரும் வரை அப்படித்தான் என்றார்கள். அந்த நாட்களில் நான் பட்டது இது.

முதல் போணி

நெட்டு நின்ற அன்றைக்குப் புகாரோடு கடைக்கு வந்த முதல் ஆள் மாரி. நண்டு வலை போடுகிற பையன், கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் இருந்தாலும் எங்களுக்குப் பையன்தான். போனைக் கொண்டுவந்து என் மேசையில் பொத்தென்று வைத்தான். விடியற்காலையில்தான் என்னிடம் ரீசார்ஜ் செய்துகொண்டு போயிருந்தான். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம்.

சர்க்கார் நிறுத்தியிருக்கிறது அப்பா, என் கையில் ஒன்றும் இல்லை என்றேன். அவன் நம்பவில்லை. கடைக்குள் எட்டி எட்டிப் பார்த்தான். பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னால் நெட்டை ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ. பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னான்: "மீனா இருந்தா ஐஸாவது போட்டு வெப்பேன் யக்கா. இந்த நெட்ட எதுல போட்டு வெக்கிறது, நீயே சொல்லு!"

கோமதியின் வெள்ளிக்கிழமை

சிரிக்கிற நிலையில் இல்லாத ஒருத்தியும் அன்றைக்கு வந்தாள், கோமதி. ஏரிக்கரைக் குடியிருப்பில் இருக்கிறவள். அவள் ஜனங்களுக்குப் படகும் கிடையாது, வலையும் கிடையாது. ஆழமில்லாத தண்ணீரில் முட்டி போட்டுத் தவழ்ந்து, சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடுகிற பறி, அதாவது ஓலைக்கூடை, பல்லுக்கு நடுவில் இருக்கும். நாள் முழுக்க வாயில் கூடை இருப்பதால் பேச முடியாது. கரை ஏறினதும் அத்தனை நேரத்துப் பேச்சையும் சேர்த்துப் பேசுவாள் கோமதி.

அவள் மகள் பவித்ராவுக்கு நர்சிங் காலேஜில் இடம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் நெட்டில் போய், இந்த இடம் எனக்கு வேண்டும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தவறினால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். வேறு ஊரில் யாரையாவது செய்யச் சொல்லலாம் என்றால் அதுவும் ஆகாது. அந்தப் பிள்ளையே போனுக்கு முன்னால் முகத்தைக் காட்ட வேண்டுமாம். அவர்கள் குடியிருப்பிலேயே பன்னிரண்டாவது தாண்டின முதல் பெண் பவித்ரா. நெட்டு நின்ற விஷயத்தை நான் சொன்னதும் கோமதி என் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் கேட்டாள்: "ஊசி போடத்தான யக்கா கத்துக்கப் போறா? கைய காட்டு, ஊசிய காட்டுன்னு கேட்டா நாயம். நெட்டுல மூஞ்சியக் காட்டுன்னா, இவ இன்னா மூஞ்சிலயா ஊசி போடப் போறா?"

மாமாவும் நீலக் கோடும்

ஏகாம்பரம் மாமா எங்கள் ஊரின் மூத்த படகுக்காரர். தினமும் காலையில் ஒரு ரோஜாப்பூ, ஒரு சூரியன், ஒரு கைகூப்பின குழந்தை என்று படம் தேடி, அதில் குட்மார்னிங் எழுதி, உறவுக்காரர் ஒருத்தர் விடாமல் அனுப்புவார். சண்டை போட்டுக்கொண்ட பங்காளிக்கும் உண்டு. பேச்சு வேறு, குட்மார்னிங் வேறு என்பார்.

நெட்டு போனதும் மனுஷன் நடக்க ஆரம்பித்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீடு வீடாக வந்து வாசலில் நின்று, "குட்மார்னிங். நேத்தைய கவலைய நேத்தே கரையில உட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போவார். என் கடைக்கும் வந்து சொன்னார். சரி மாமா, வணக்கம் என்றேன். நகரவில்லை. டீ ஏதாவது வேண்டுமா என்றேன். வேண்டாமாம். பின்னே ஏன் மாமா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நான் அனுப்புனது உனுக்கு வந்து சேந்துச்சான்னு எனக்குத் தெரிய வாணாவா? தலைய ரெண்டு தபா ஆட்டு. நீலக் கோடு உழுந்தாத்தான் அடுத்த வூட்டுக்குப் போவ முடியும்."

கேட்டுக்கொண்டிருக்கிற சார்

நெட்டை நிறுத்தினவர்கள் போனை ஒட்டுக்கேட்கவும் செய்வார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அவ்வளவுதான், ஊரே மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிட்டது. மாரி தன் கூட்டாளியிடம் போனில், "நாளைக்கு வலைய எடுத்துக்கினு வந்துடு" என்று சொன்னவன், உடனே நிமிர்ந்து நின்று, "சார், இது நண்டு வலைதான் சார், வேற ஒண்ணும் இல்ல சார்" என்றான். எதிர்முனையில் இருந்த கூட்டாளி பயந்துபோய் இரண்டு நாள் வேலைக்கே வரவில்லை.

ஏகாம்பரம் மாமாவின் சம்சாரம் தனம் அத்தை மட்டும் பயப்படவில்லை. கேட்க ஒரு ஆள் கிடைத்ததே என்று அவளுக்குச் சந்தோஷம். என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, திருப்பாலைவனத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் போன் போட்டு, சம்பந்தி வீட்டு நியாயத்தை ஆதியோடு அந்தமாகப் பேசினாள். பேசி முடித்து, போனை வாய்க்கு இன்னும் கிட்டே வைத்து, "இந்தா சாரே, இவ்ளோ நேரம் கேட்டுக்கினுதான இருந்தீங்க? தப்பு என் பொண்ணு மேலயா, மருமவப்புள்ள மேலயா? நீங்களே சொல்லிடுங்க" என்று கேட்டாள். அந்த நேரம் பார்த்து லைன் அறுந்தது. அத்தை போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்: "பாத்தியா, சர்க்காராலயே பதில் சொல்ல முடில. வெச்சுட்டாரு!"

வியாபாரி வந்தார்

மறுநாள் ஊருக்குள் புதிதாக ஒரு ஆள் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, ஒட்ட வெட்டின முடி, மணலில் கறுப்பு பூட்ஸ். கருவாட்டு வியாபாரி என்றார். என் கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, இந்த ஊரில் யார் சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள், ரோட்டில் உட்காரச் சொன்னது யார், பாய் யார் வீட்டுப் பாய் என்றெல்லாம் விசாரித்தார். கருவாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாவம், வெயிலில் வந்திருக்கிறாரே என்று நான் மோர் கொடுத்தேன். பாய் என் வீட்டுப் பாய்தான், துவைத்துப் போட்டிருக்கிறேன் என்றும் உள்ளதைச் சொன்னேன். அதை ஏனோ அவர் குறித்துக்கொள்ளவில்லை.

அவர் யார் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் வந்த விருந்தாளியின் மனசு நோகக் கூடாது என்று எல்லாரும் அவரை வியாபாரி, வியாபாரி என்றே கூப்பிட்டார்கள். குழம்பும் கொடுத்தார்கள். கோமதிக்கு மட்டும் வாய் நிற்கவில்லை. கருவாடு காயப் போட்டிருந்த பக்கம் அவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, கூடையைக் கீழே வைத்துக் கேட்டாள்: "கருவாட்டு யாவாரிக்கே கருவாட்டு வாடை ஆவலன்னா, நீங்க வூட்ல இன்னாத்த சார் யாவாரம் பண்றீங்க?"

தண்ணீர் மேல் கோடு

எங்கள் ஏரி ஒன்றுதான், சர்க்கார்தான் இரண்டு. தண்ணீர் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு, அதற்கு வடக்கே ஆந்திரா. நெட்டை நிறுத்தினது இந்தப் பக்கத்தில்தானே! நண்டு வலை எடுக்க வடக்கே போன மாரியின் சட்டைப்பையில், பழைய வலைக் கம்பு ஒன்று நட்டிருக்கிற இடத்தில், திடீரென்று போன் டிங் டிங் என்று கத்தியது. ஆந்திராவுக்கு வாருங்கள் என்று தெலுங்கில் ஒரு வரவேற்பு. அதன் பின்னாலேயே அத்தனை நாள் தகவலும் வந்து கொட்டியது. கம்பை விட்டு நாலு முழம் தள்ளினால் ஒன்றும் இல்லை. அதற்கும் மேலே வடக்கே போகலாம் என்றால், வலை போட வந்தான் என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

சேதி பரவ நெட்டா வேண்டும்? மறுநாள் ஊர்ப் படகு அத்தனையும் அந்தக் கம்பைச் சுற்றி. ஒரு படகு இன்னொன்றை இடிக்க, ஒருவன் போன் தண்ணீரில் விழ, அதை எடுக்கக் குதித்தவன் மேல் மூன்றாவது படகு ஏற, ஒரே ரகளை. கண்டுபிடித்த மாரிக்கே கம்புக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. திரும்பி வந்து என்னிடம் புலம்பினான்: "அத்தினி படகுல ஒருத்தனும் வலை போடல யக்கா. எல்லாவனும் தலைய தொங்கப் போட்டுக்கினு உக்காந்திருக்கான். எழவு உழுந்த வூடு போலன்னு நெனச்சு மீனுங்களே துக்கம் விசாரிச்சிட்டுப் போயிருக்கும்!"

கம்புக்குச் சீட்டு

சண்டை நாட்டாரிடம் போனது. நாட்டார் என்றால் எங்கள் ஊர்ப் பெரியவர். ஏரி விஷயத்தில் அவர் சொல்தான் சட்டம். எங்கள் ஏரியில் மீன் நன்றாக விழுகிற இடங்களுக்குப் பாடு என்று ஒரு முறை உண்டு. தலைக்கட்டுக்கு, அதாவது படகு வைத்திருக்கிற குடும்பத்துக்கு, ஒரு சீட்டுப் போட்டு எடுத்து, இன்று இந்த இடம் இவனுக்கு, நாளை அவனுக்கு என்று முறை வைத்துக்கொள்வோம். அடிதடி வராது. நாட்டார் யோசித்தார். மீன் விழுந்தால் என்ன, சிக்னல் விழுந்தால் என்ன, விழுகிற இடம் விழுகிற இடம்தான் என்று தீர்ப்புச் சொல்லி, கோயில் வாசலில் சொம்பை வைத்து, ஒரு நாளைக்கு ஒரு படகு என்று சீட்டுப் போட்டார்.

கோமதி பவித்ராவைக் கூட்டிக்கொண்டு வந்து, எனக்கும் ஒரு சீட்டு என்று கேட்டாள். பாடு தலைக்கட்டுக்குத்தான், படகு இல்லாதவளுக்குக் கிடையாது என்றார் நாட்டார். பின்னாலிருந்து வியாபாரியும் எழுந்து, தனக்கும் அவசரமாக ஒன்று அனுப்ப வேண்டியிருக்கிறது என்று இழுத்தார். வியாபாரிக்குக் கரையில்தான் வேலை, உட்காருங்கள் என்று அவருக்கும் அதே பதில். வெள்ளிக்கிழமைச் சீட்டை எடுத்துப் பிரித்தார்கள். ஏகாம்பரம் மாமா பேர். நான் கோமதியைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்தாள். மாமாதான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குதித்தார்: "எனுக்கா! வெள்ளிக்கெழமையா! அய்யய்யோ, எத்தினி குட்மார்னிங் பாக்கி கெடக்குது தெரியுமா!"

தனம் அத்தை எந்தத் தலைக்கட்டு

எனக்கு வாதாடத் தெரியாது. அம்மனுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, மாமா வீட்டுக்குப் போய் நின்றேன். உங்கள் முறையில் அந்தப் பிள்ளையை மட்டும் படகில் ஏற்றிக்கொள்ளுங்கள் மாமா, உங்களுக்குப் புண்ணியம் என்றேன். மாமாவுக்கு மனசு உண்டு, தைரியம்தான் இல்லை. "ஏத்தலாம்மா. நாட்டாரு கேப்பாரே? பாடு எடத்துல வேத்தாள ஏத்துனன்னு பேசுவாங்களே?" என்று நெளிந்தார். வெள்ளிக்கிழமை போய்விட்டால் அந்தப் பிள்ளையும் கூடையைக் கடித்துக்கொண்டு ஏரியில் இறங்க வேண்டியதுதான் என்று சொல்ல வந்தேன்.

அதற்குள், உள்ளே மீன் அரிந்துகொண்டிருந்த தனம் அத்தை கத்தியோடு வெளியே வந்தாள். படகில் கூட்டாளாக யாரை ஏற்றுவது என்பது படகுக்காரன் இஷ்டம், அதை எந்த நாட்டாரும் கேட்டதில்லை என்றாள். மாமா இன்னும் நெளிந்தார். அத்தை கத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "கல்யாணத்துக்கு முன்ன உன் பாடு அன்னிக்கி என்னைய ஏத்திக்கினு ஏரி பூரா சுத்திக் காட்டுனியே, அப்போ நான் எந்தத் தலைக்கட்டு?"

கூடைக்குள் போன்

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளம்பினோம். மாமா, கோமதி, பவித்ரா, துணைக்கு நான். படகைத் தள்ளும்போது வியாபாரி பூட்ஸோடு ஓடிவந்து, ஏரியைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றார். மாமா ஒரு மூங்கில் கழியை அவர் கையில் கொடுத்து, ஊன்றச் சொன்னார். கம்புக்குப் பக்கத்தில் போனதும் மாமாவின் போனுக்குத்தான் முதலில் உயிர் வந்தது. வந்ததும், அவருக்கு வர வேண்டிய குட்மார்னிங் எல்லாம் வெள்ளம் போலப் புகுந்தது. ரோஜா மேல் சூரியன், சூரியன் மேல் குழந்தை. போன் சுட்டது, திணறியது, அப்படியே அணைந்துபோனது. மாமா அதைத் தூக்கம் கலையாத பேரனைப் போல மடியில் வைத்துக்கொண்டார். என் போனிலும் பவித்ரா போனிலும் ஒரு சிக்னல் கோடுகூட இல்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

வியாபாரி மெல்லத் தன் போனை எடுத்தார். ஒரு கோடு. கையைத் தூக்கினால் இரண்டு. கோமதி அதை வாங்கித் தன் இறால் கூடைக்குள் வைத்து, கூடையைக் கழி நுனியில் வலைக் கயிற்றால் கட்டினாள். கொடி ஏற்றுவது போல ஏற்றினோம். அவர் போனிலிருந்து பவித்ரா போனுக்கு நெட்டு இறங்க வேண்டும். பவித்ரா தேடிப் பார்த்துவிட்டு, மெதுவாக, "யக்கா, இதுல 'போலீஸ் பாலு'ன்னு ஒண்ணு காட்டுது" என்றாள். மாமா உடனே, "போலீஸா? எங்க? ஏரிக்குள்ளயா?" என்று பலகைக்கு அடியில் எல்லாம் குனிந்து தேடினார். கோமதி கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். நானும் ஆச்சரியப்பட்டேன், அம்மன் மன்னிப்பாளாக. பாஸ்வேர்டு என்ன சார் என்று பவித்ரா கேட்டாள். அவர் காது சிவந்துபோய், வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "ரகசியம். ஒண்ணு, ரெண்டு, மூணு."

ஆடாதே, அசையாதே

நெட்டு இறங்கியது. பவித்ரா எல்லாம் அழுத்தினாள். கடைசியில் முகம் கேட்டது. காட்டினாள். முகத்தை அசைக்காமல் வைக்கவும் என்றது. மறுபடி காட்டினாள். மறுபடியும் அதையே சொன்னது. பிள்ளை அசையவில்லை, படகு அசைந்தது. காற்று கிளம்பியிருந்தது. அப்படியே போனால் நேரம் முடிந்து, இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும் போலத் தெரிந்தது. முதலில் தண்ணீரில் இறங்கினவள் கோமதி. படகை இடுப்போடு சேர்த்துப் பிடித்தாள். மறுபக்கம் மாமா. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்பக்கம் நான். பூட்ஸோடு முன்பக்கம் பாலு சார், ஒரு கையால் கழியைப் பிடித்துக்கொண்டு. முட்டிவரை சேறு. எனக்குத் தெரிந்த அம்மன் பாட்டை எல்லாம் வாய்க்குள் பாடினேன். மாமா, "சிரிக்காதீங்கடி, படகு ஆடுது" என்று அதட்டிக்கொண்டே சிரித்தார்.

உங்கள் இடம் உறுதியானது என்று வந்தது. பவித்ரா சத்தம் போட்டுப் படிக்க, கோமதி படகை விட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். படகு சாய்ந்தது, பாலு சார் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். தூக்கிவிட்டோம். தடை போட்ட நெட்டை ஏரியில் பிடிக்கிறார்கள் என்று மேலிடத்துக்கு எழுதிவிடுவாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம். எழுதுவீர்களா சார் என்று கேட்டேவிட்டேன். பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே அலுத்துப்போய்ச் சொன்னார்: "எழுதுனா, இந்த ரிப்போர்ட்ட எந்த நெட்டுல அனுப்புனேன்னு கேப்பாங்களேம்மா!"

முறை முறைதான்

கரைக்கு வந்தால் ஊரே போனும் கையுமாக நிற்கிறது. நாங்கள் படகைத் தள்ளிக்கொண்டு போன கொஞ்ச நேரத்திலேயே உத்தரவு வந்து, நெட்டை விட்டுவிட்டார்களாம். என் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து செய்திருக்கலாம். ஈரப் புடவையோடு நான் கங்கையம்மனை ஒரு பார்வை பார்த்தேன்.

வேடிக்கை அதோடு முடியவில்லை. மறுநாள் காலையில் மாரி போனை எடுத்துக்கொண்டு படகேறினான். ஊருக்குள்தான் நெட்டு வந்துவிட்டதே, எங்கே போகிறாய் என்றேன். கம்புக்கு என்றான். வெயிலில் நாள் முழுக்கத் தனியாக அங்கே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான். அதற்கு அடுத்த நாள் அடுத்த சீட்டுக்காரன். சீட்டு முடிகிற வரைக்கும் ஒருத்தன் விடவில்லை. ஏன்டா அப்பா என்று மாரியைக் கேட்டதற்கு அவனுக்குக் கோபமே வந்துவிட்டது: "நெட்டு வந்துச்சுன்னா யக்கா, என் முறை எனுக்கு இல்லன்னு ஆயிடுமா?"

நாட்டாருக்கு ஒரு கேள்வி

சும்மா விட்டால் நாட்டார் இல்லையே! பாடு இடத்தில் படகில்லாதவள் இறங்கியிருக்கிறாள், விசாரிக்க வேண்டும் என்று கோயில் வாசலுக்குக் கோமதியைக் கூப்பிட்டுவிட்டார். மாமா வாயைத் திறப்பதற்குள் தனம் அத்தை அவரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு முன்னால் நின்றாள். கூட்டாளாகத்தான் போனாள் என்று சொல்ல நானும் எழுந்தேன்.

கோமதி ஏரியிலிருந்து நேராக வந்தாள். புடவையில் தண்ணீர் சொட்டுகிறது, பல்லுக்கு நடுவில் கூடை. நாட்டார் நீளமாகப் பேசினார்: முறை என்றால் என்ன, முன்னோர் என்றால் என்ன, படகில்லாத ஜனம் எங்கே நிற்க வேண்டும். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். அவர் முடித்ததும் கூடையை வாயிலிருந்து எடுத்து, மரியாதையாகக் கீழே வைத்தாள். "சரிங்க நாட்டாரே. என் பொண்ணு படிச்சிட்டு இங்கதான் நர்சா வருவா. அப்போ உங்களுக்கு ஊசி போட்டுக்கற முறை வரும். அவ தலைக்கட்டு பாத்துப் போடணுமா, நோவாம போடணுமா? அத்த மட்டும் இப்பவே தீர்ப்பு சொல்லிடுங்க, அவகிட்ட சொல்லி வெக்கறேன்!"

எங்கள் பக்கத்து வாயை மூடத்தான் நெட்டை நிறுத்தினார்கள் என்றால், எங்கள் பெண்களின் வாய் அந்த டவரில் ஓடுவது இல்லை என்று யாராவது அவர்களுக்கு எடுத்துச் சொன்னால் நல்லது.